தட்டிப் பார்த்து வாங்கிய டயர்

மார்ச் 3, செவ்வாய்

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அக்கா மகள் அந்த மின்சாரக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய முதல் நாளே சொன்னேன், "மற்ற கார் பெட்ரோலைக் குடிக்கும், இது டயரைத் தின்னும்" என்று. யார் கேட்டார்கள்? இன்றைக்கு நாலு டயரும் வழுக்கை. என் தலையிலாவது ஓரத்தில் நாலு முடி இருக்கிறது. முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அடியில் இருக்கிற பேட்டரியின் கனம் அப்படி, மிதித்ததும் பாய்கிற பாய்ச்சல் அப்படி. பெரிய பெரிய இஞ்சினீயருக்கெல்லாம் தோன்றாதது எனக்குத் தோன்றியது.

அக்கா சமையலறையிலிருந்தே சொல்கிறாள்: "நீ அன்னிக்குச் சொன்னது பேட்டரி வெடிக்கும்னுடா. டயர்னு சொல்லவே இல்ல."

அது வேறு நாள். இந்த வீட்டில் நான் சொல்கிற நல்லது எதுவும் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மார்ச் 5, வியாழன்

டயர் விஷயத்தில் அக்கா பெண் பயப்படுகிறாள். காரணம் இருக்கிறது. அவள் வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஆறு சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் போய், ரத்தம் எடுத்த குழாய்களைப் பனிப்பெட்டியில் வாங்கிக்கொண்டு, மாலை நாலு மணிக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். சுற்றிவர இருநூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர். மூன்று மாதம் பார்ப்பார்களாம். ஒரு நாளும் தாமதமாகவில்லை என்றால் அந்தத் தடம் அவளுக்கே நிரந்தரம். ஏப்ரல் கடைசியோடு மூன்று மாதம் முடிகிறது.

"மாமா, காலையில நூறு சதவீதத்துல கிளம்புறேன். திரும்பி வரும்போது இருபத்தொண்ணு இருக்கு. அந்த இருபத்தொண்ணுதான் என் உயிரு" என்றாள்.

நான் இருக்கிறேன், கவலைப்படாதே என்றேன். பஸ் பணிமனையில் இருபத்தாறு வருஷம் டயர் பரிசோதகராக இருந்தவன். உள்ளே வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் வாசலில் நிறுத்தி, இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று எவ்வளவு என்று சொல்லுவேன். ஒரு தடவை மேலதிகாரி மீட்டர் வைத்துச் சரிபார்த்தார். மீட்டர்தான் தப்பாக இருந்தது.

மார்ச் 7, சனி

டயர் கடை. போகாமல் இருந்திருக்கலாம்.

கடைக்காரர் கண்ணாடி போட்ட ஆள். நான் நிற்கிறேன், வயதில் பெரியவன் நிற்கிறேன், அவர் பேசுவதெல்லாம் பெண்ணிடம். இரண்டு டயரை எடுத்து வைத்தார். ஒன்று மெலிசு, மழுமழு என்று. இன்னொன்று முதலை முதுகு மாதிரி கட்டை கட்டையாக. என் கண் முதலையின்மேல் போனது.

"அம்மா, இந்தச் சீட்டைப் பாருங்க. டயர் உருள்றதுக்கே எவ்வளவு கரண்ட் வீணாப் போகுதுன்னு எழுத்துல போட்டிருப்பாங்க. இந்த மெலிசு, ஏ. வீணாகுறது ரொம்பக் கம்மி. அந்தக் கட்டை டயரு ஈ. கல்லுமண்ணுல போறவங்களுக்கு அது. ஒரு சார்ஜுக்கு உங்களுக்கு நாப்பது அம்பது கிலோமீட்டர் கொறையும்."

"சீட்டு ஒட்டினா டயர் ஓடிருமா?" என்று கேட்டேன். ஒரு கம்பி கேட்டேன். கொடுத்தார்கள். மெலிசைத் தட்டினேன். கட்டையைத் தட்டினேன். "இது பொத்துங்குது. இது கணீர்ங்குது. இதுதான் டயரு" என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, ரெண்டும் இன்னும் வீல்லயே மாட்டல. காத்தே இல்லாத ரப்பரைத் தட்டினா என்னங்க கேக்கும்?"

காத்திருந்த நாலு பேர் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான். ஆனாலும் சிரித்தாள்.

எனக்குக் காது சூடானது. இவர் என்ன, நேற்றுக் கடை போட்ட ஆள்! அந்தக் கட்டை டயர் அறுபதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும், இது முப்பதைத் தாண்டாது என்று பிடித்த பிடியில் நின்றேன். கடைசியில் பெண் சொன்னாள்: "மீசை மாமா கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம். அவர் சரின்னா எனக்குச் சரி."

மீசை என்பது பணிமனை ஃபோர்மேன். அவள் படிக்கிற காலத்தில் அவள் ஸ்கூட்டரை இரண்டு தடவை பிரித்து மாட்டிக் கொடுத்தவன். வண்டி விஷயத்தில் அவன் வாக்குத்தான் அவளுக்கு வாக்கு. சொந்தத் தாய்மாமன் வாக்கு இல்லை.

நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

மொட்டைமாடிக்குப் போய் மீசையிடம் பேசினேன். இருபத்திரண்டு நிமிஷம். போனை எடுத்ததும் "அண்ணே, நீங்களா!" என்று குரல் தழுதழுத்தது. விஷயத்தைச் சொன்னேன். "அண்ணே, டயர் விஷயத்துல நீங்க என்கிட்ட கேக்கிறதா? கட்டை டயரையே போடச் சொல்லுங்க. அந்த ஏ, ஈ எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரத்துக்குப் போடுற எழுத்து. ரெண்டுக்கும் அஞ்சு கிலோமீட்டர் வித்தியாசம் வந்தா நான் மீசையை எடுத்துர்றேன்" என்றான்.

இறங்கி வந்து அப்படியே சொன்னேன். "மீசை மாமாவே சொன்னாரா?" என்றாள் பெண். அவரேதான் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

மாட்டியாயிற்று. பார்க்கவே கம்பீரமாக இருக்கிறது. அக்கா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "செருப்புக்குப் பதிலா பூட்ஸு மாட்டிவிட்ட மாதிரி இருக்கு" என்றாள். பொறாமை.

மார்ச் 12, வியாழன்

திரும்பி வந்தபோது ஒன்பது சதவீதம்.

"மாமா, பன்னெண்டு கொறைஞ்சிருக்கு. உள்ள ஒரே இரைச்சல் வேற. தேனீக்கூட்டத்தைக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

புது டயர் பழக வேண்டாமா என்றேன். கல்யாணமான புதிதில் யாருக்குத்தான் இரைச்சல் இல்லை?

மார்ச் 16, திங்கள்

எட்டு.

மார்ச் 18, புதன்

கடைக்காரருக்குப் போன் போட்டாளாம். தேய்ந்த டயர் லேசாக உருளும், அதனால் புது டயர் எதைப் போட்டாலும் முதலில் கொஞ்சம் குறையத்தான் செய்யும் என்று சொன்னாராம். பார், நான் சொன்னதையே சொல்கிறார்! "ஆனா இவ்வளவு கொறையாது, இது அந்த டயரோட கொணம்" என்றும் சொன்னாராம். அந்தப் பின்பாதி யாருக்கு வேண்டும்?

மார்ச் 24, செவ்வாய்

விடிந்ததும் பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே போய்க் கால்பம்பால் நாலு டயருக்கும் காற்றடித்தேன். கார்க் கதவோரத்தில் காற்று முப்பத்தாறு என்று போட்டிருக்கிறது. நான் நாற்பத்தாறு வைத்தேன். கெட்டியான டயர் லேசாக உருளும், இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டு இரண்டும் கழன்றுபோயின.

மாலை பன்னிரண்டு சதவீதத்தோடு வந்தாள். "டயர் பழகிடுச்சு போல மாமா!"

சொன்னேன்ல, என்றேன். வேறென்ன சொல்வது?

ஏப்ரல் 1, புதன்

பிடிபட்டேன். வண்டி தூக்கிப் போடுகிறது, பெட்டிக்குள் குழாய்கள் கடகடவென்று அடித்துக்கொள்கின்றன என்று அவளே மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறாள். "யார் மாமா இவ்வளவு காத்து அடிச்சது? பிரேக் போட்டா வண்டி வழுக்குது."

கடைக்காரன் வேலையாக இருக்கும் என்றேன். பழையபடி முப்பத்தாறுக்கு இறக்கிவிட்டாள்.

இந்த வயதில், இந்த மூட்டோடு, நாலு டயருக்கும் யார் குனிந்து அடித்தது? அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

ஏப்ரல் 9, வியாழன்

மழை. காலையிலிருந்தே கொட்டுகிறது. எதிர்க்காற்று வேறு.

மூன்றரை மணிக்குப் போன் வந்தது. "மாமா, நின்னுபோச்சு." அவ்வளவுதான் சொன்னாள். கூடத்துக்கு இன்னும் பதினோரு கிலோமீட்டர்.

ஈர ரோட்டில் டயர் இன்னும் இழுக்கும், நனைந்த துணியைத் தேய்த்துக்கொண்டு போவது மாதிரி. ஏசியை அணைத்திருக்கிறாள். கண்ணாடியில் ஆவி படிய, துண்டால் துடைத்துத் துடைத்து ஓட்டியிருக்கிறாள். வழியில் சார்ஜ் போட இருக்கிற ஒரே இடம் ஒரு மளிகைக்கடை வாசல். அங்கே சார்ஜ் பெட்டியைப் பிளாஸ்டிக் பையால் மூடி, வேலை செய்யவில்லை என்று எழுதி ஒட்டியிருந்ததாம்.

இழுவை வண்டி வர இரண்டு மணி நேரம். பனிப்பெட்டியில் பனி தண்ணீராகிவிட்டது. முப்பத்தெட்டுக் குழாய்.

ஏப்ரல் 10, வெள்ளி

முப்பத்தெட்டும் குப்பைக்கு. எல்லோரிடமும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அதில் ஒரு கிழவருக்கு நரம்பே கிடைக்காதாம். நாலு இடத்தில் குத்தி, கடைசியில் புறங்கையில் எடுத்ததாம் அந்த ஒரு குழாய். "அவர்கிட்ட மறுபடி கையை நீட்டுங்கன்னு நர்ஸ் சொல்லும்போது நான் பக்கத்துல நின்னேன் மாமா. என்னைத் திட்டவே இல்ல. நீட்டினாரு."

தடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்னும் இருபது நாள் இருந்தது.

அவள் அழவில்லை. சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அழுதிருக்கலாம்.

ஏப்ரல் 11, சனி

அக்கா இன்றைக்குப் பிடித்துக்கொண்டாள். "மீசை அப்படிச் சொல்ற ஆளில்லையே. நட்டு எத்தனை சுத்துன்னு புஸ்தகம் பார்த்துச் சொல்றவன். அவனா சீட்டை நம்பாதேன்னான்?"

"அவன்தான் சொன்னான்! நான் என்ன பொய்யா சொல்றேன்? வயசாயிடுச்சு அவனுக்கு, மூளை கொழம்பிருக்கும்!" கத்திவிட்டேன்.

பெண் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு அவர் வீட்டுக்கே போறேன். வீடு தெரியும். ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு நேர்ல கேக்கணும்."

எதுக்கு? இப்ப எதுக்கு அதெல்லாம்? நடந்தது நடந்துபோச்சு. இந்த மழையில அவ்வளவு தூரம் —

மீசையைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பஸ் பணிமனையிலிருந்து வெளியே போய் நாலாவது கிலோமீட்டரில் டயர் வெடித்தது. கண்டக்டருக்குக் கை முறிந்தது. அந்தப் பஸ்ஸை அன்றைக்கு நான் தட்டவில்லை. டீ வந்திருந்தது, ஆறிவிடும் என்று கையை மட்டும் காட்டி அனுப்பிவிட்டேன். ஒரு நாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு நாள். 'தட்டிப் பார்த்தாயிற்று' என்று அறிக்கையில் எழுது என மீசையிடம் கெஞ்சினேன். "நீ தட்டலை. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான். அப்படியே எழுதினான். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது என்னை அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவனோடு பேச்சுக் கொஞ்சம் குறைவு.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் போனாள். பஸ்ஸில். மதியம் வரவில்லை. நான் சாப்பிடவில்லை, பசியில்லை. பால்கனிக்கும் கதவுக்கும் நடந்தேன். "என்னடா, பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நடக்கிற?" என்றாள் அக்கா.

நாலு மணிக்கு வந்தாள். நேரே என்னிடம் வந்து தரையில் உட்கார்ந்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

"ஸாரி மாமா. மூணு நாளா உங்க மேலதான் கோவமா இருந்தேன். நீங்க கேக்கவே இல்லையோன்னுகூட நெனைச்சேன்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அவர் கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நீங்க போன் பண்ணது, அவர் கட்டை டயரைப் போடச் சொன்னது, எல்லாம். கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கிட்டே இருந்தாரு. அப்புறம், 'ஆமாம்மா, டொக்கு கேட்டான். நான்தான் போடுன்னு சொல்லிட்டேன். என் தப்பு. அவனை ஒண்ணும் சொல்லாதே'ன்னாரு. கண்ணெல்லாம் கலங்கிருச்சு மாமா அவருக்கு. நான் வேற நல்லாக் கத்திட்டு வந்துட்டேன்." பிறகு கேட்டாள்: "ஆமா, உங்களை ஏன் டொக்குங்கிறாரு?"

பணிமனையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். டொக் டொக் என்று தட்டுகிறவன், டொக்கு. யாரும் ஒருநாளும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. அவளிடம் அது ஏதோ செல்லப்பெயர் என்றேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நேற்று மெலிசு டயரை மாற்றிவிட்டாள். கடைக்காரர் கட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு பாதி விலை கழித்தாராம். காரில் இரைச்சலே இல்லை. இருபது சதவீதத்தோடு திரும்பும் இனி. திரும்புவதற்குத்தான் தடம் இல்லை. அவளுக்கு இப்போது கூடத்துக்குள்ளேயே வேலை, மற்றவர்கள் கொண்டுவருகிற குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது. வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். அதற்கு எந்த டயரானாலும் போதும்.

மீசை வீட்டுக்கு இனிமேல் போகமாட்டாளாம். "பெரிய மனுஷன்னு நம்பினேன்" என்கிறாள். நான் தலையை ஆட்டுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் எனக்காக ஒரே ஒரு வரி பொய் எழுத மாட்டேன் என்றான். இப்போது நான் கேட்காமலே ஒன்றைச் சொல்லி, அந்தப் பெண்ணின் திட்டையும் வாங்கிக்கொண்டிருக்கிறான். எதற்கு? பாவம் என்றா? இல்லை, அந்த அறிக்கை அவனையும் இத்தனை வருஷம் தின்றுகொண்டிருந்ததா? எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று எழுத வருகிறது, ஆனால் தெரியவில்லை.

மார்ச் எட்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். குரல் தழுதழுத்தது, இருபத்திரண்டு நிமிஷம், மீசையை எடுத்துர்றேன் — நானே நம்பிவிடுவேன் போலிருக்கிறது. மொட்டைமாடிக்குப் போனது உண்மை. போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தது உண்மை. கீழே இருக்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று நடுவில் இரண்டு தடவை சத்தமாகச் சிரித்ததும் உண்மை.

நான் அவனோடு பேசவில்லை. அவன் நம்பரே என்னிடம் இல்லை. வேலை போன அன்றைக்கே அழித்துவிட்டேன்.