ஹம்மாம் அடுப்பருகே ஒரு ஜாடி

கெஃப்,
மார்ச் 3

என் அன்பு ஹாஜர்,

ஸ்ஃபாக்ஸ் போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றாய். தபால்காரர் என்னைக் கண்டாலே, "இன்னைக்கும் இல்லம்மா" என்று கையை விரிக்கிறார்.

பள்ளிக் கண்காட்சியை நினைத்தால் இன்னும் முகம் எரிகிறது. உன் அப்பா மொன்செஃப் மாமா விற்ற, சோள மாவில் செய்த மட்கும் பையில் ஒரு துண்டை நாம்தானே சாணிக் கரைசலில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடினோம்? குளிர்காலம் முழுக்க எங்கள் மாடிப்படியில் இருந்தும் துண்டு அப்படியே கிடந்தது. "மட்கும்னு சொல்றது பொய்" என்று மேடையில் சொன்னேன். ரொட்டிக்கடைக்காரர்கள் முன்வரிசையில் இருந்தது எனக்குத் தெரியும். கைதட்டல் பிடித்திருந்தது. அடுத்த வாரமே அவர்கள் மொன்செஃப் மாமாவிடம் பை வாங்குவதை நிறுத்த, கடையை மூடிவிட்டு நீங்கள் கிளம்பினீர்கள்.

"குளிருதுடி, ஹம்மாம் குளியல்கூடத்து வெந்நீர் அடுப்புப் பக்கத்துல வைக்கலாம்" என்று ஜாடியை மூடிய அன்றே நீ சொன்னாய். "ஜாடிக்கு முதுகு தேய்ச்சு விடணுமா?" என்று கேலி செய்தேன். இப்போது புதுத் துண்டு போட்டு அங்கேதான் வைத்திருக்கிறேன். அடுப்பு எரிக்கும் சாலஹ் அண்ணன், "ராத்திரி முழுக்க வேகற மொச்சைப் பானை பக்கத்துல சாணியா? வெளங்கிடும்!" என்று திட்டிக்கொண்டே இடம் கொடுத்தார்.

பதில் போடு.

உன் துர்ரா

கெஃப்,
ஜூன் 9

ஹாஜர்,

துண்டு பாதிக்குமேல் காணோம்! மீதியும் தொட்டால் நொறுங்குகிறது.

புத்தகத்தில் தேடிப் படித்தேன். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களுக்கு அந்தப் பை முரட்டுச் சாப்பாடு. நல்ல சூட்டில்தான் அது இளகி, சிறுசிறு கண்ணிகளாக அறுந்து, அவற்றின் வாய்க்கு எட்டுகிறது. ஒரு கூட்டம் அமிலமாக்க, இன்னொரு கூட்டம் அதை எரிவாயுவாக்குகிறது. குளிரில் பட்டினி கிடந்தவற்றைச் சாட்சிக்கு வைத்து உன் அப்பாவைப் பொய்யர் ஆக்கினேன்.

கடைகடையாகப் போய்ச் சொன்னேன். "வேற பை வாங்கியாச்சு பாப்பா" என்கிறார்கள். மாமாவிடம் சொல்வாயா? திரும்பி வருவீர்களா?

துர்ரா

ஸ்ஃபாக்ஸ்,
ஜூலை 1

அன்புள்ள துர்ரா,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "கெட்டிக்காரிதான்" என்று சிரித்தார். பிறகு, "நம்ம ஊர்க் குப்பைமேட்டுல அடுப்பா எரியுது? அவ மொதல்ல சொன்னதும் சரிதாம்மா" என்றார். இப்போது துறைமுகத்தில் மீன் எடை போடுகிறார். கெஃப் பற்றிப் பேசுவதில்லை. நாங்கள் வரமாட்டோம்.

நீ பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். மேடையில் சொல்வதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் பக்கத்தில்தானே நின்றேன், ஜாடியைப் பிடித்துக்கொண்டு.

அம்மா உனக்கு ஸலாம் சொன்னார். இதற்குப் பதில் வேண்டாம்.

ஹாஜர்