இரண்டு ஊசியும் மிச்சமிருந்த ஒரு கையும்

அருமை மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், தோள்பட்டைகள் மட்டும் நடுவில் ஓரிரண்டு நாள் சௌக்கியமில்லாமல் இருந்தன. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருங்கள், நம் பொடியன் உங்கள் இரண்டு பேரையும்விட ஒரு படி கூடுதலாகவே நலமாக இருக்கட்டும், அவனுக்குத்தான் அது இப்போது அவசரத் தேவை. போனிலேயே இதையெல்லாம் சொல்லலாமே என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், நான் சொல்வதில் பாதியைத் திருத்துகிறாள், மீதியை அவளே சொல்லிவிடுகிறாள். அதனால் டிப்போவில் பஸ் புறப்படக் காத்திருக்கும் நேரத்தில், ஸ்டியரிங்மேல் ஒரு அட்டையை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்து ஆடியிருந்தால் அது என்ஜினின் ஆட்டம், என் வயசின் ஆட்டம் என்று நினைத்துக் கவலைப்படாதே.

பொடியன் நாள் வருமுன்பே அவசரப்பட்டு வந்துவிட்டான் அல்லவா, அவனைத் தூக்க வருகிறவர்கள் எல்லாரும் இந்தக் குளிர்காலத்துக்கான ஃப்ளூ ஊசியும் கொரோனா ஊசியும் போட்டு இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும் என்று அங்கே குழந்தை டாக்டர் சொன்னதாக நீ சொன்ன அன்றைக்கே உன் அம்மா தலையாட்டிவிட்டாள். நானும் ஆட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு என்றைக்குமே சிரமம் இருந்ததில்லை, கையை நீட்டுவதில்தான். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு ஊசி போடக் கொண்டுபோவோம், டாக்டர் அறைக் கதவு திறந்த உடனே வண்டியைப் பூட்டினோமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும், போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் நீ அழுது முடித்திருப்பாய். அதனால் இந்தத் தடவை நான் ஒரு திட்டம் போட்டேன். முதலில் ஒரு ஊசி, அதை உடம்பு ஏற்றுக்கொண்டால் நிதானமாக இன்னொன்று. டிப்போ மெக்கானிக்கும் என் பக்கம்தான். "ரெண்டு மருந்தையும் ஒண்ணா ஏத்தினா எதை முதல்ல கவனிக்கிறதுன்னு உடம்பு குழம்பிடும்ண்ணே, ரெண்டு டிரைவர் ஒரே ஸ்டியரிங்கைப் பிடிச்ச மாதிரி" என்று அடித்துச் சொன்னான். நான் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து உன் அம்மாவிடம் ஒப்பித்தேன். அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே, "அவர் பிரேக்கைப் பத்திச் சொன்னா நான் கேட்டுக்கறேன்" என்றாள். கணக்கு டீச்சரிடம் வாதாடுவது எப்படி என்று நீயும் கற்றுக்கொள்ளவில்லை, நானும் கற்றுக்கொள்ளவில்லை. "ரெண்டு தடவை போனா ரெண்டு தடவை லீவு, ரெண்டு தடவை கை வலி, ரெண்டு தடவை உங்க புலம்பல். ஒரே நாள்ல ரெண்டையும் போட்டுட்டா எல்லாம் பாதி" என்று கணக்கை முடித்துவிட்டு, எனக்குத் தெரியாமலே இரண்டு பேருக்கும் சேர்த்து நேரம் வாங்கிவிட்டாள். வியாழக்கிழமை காலையில் நான் தேநீரை வாயில் வைத்தபோதுதான் சாயங்காலம் போகிறோம் என்று சொன்னாள். அந்தத் தேநீர் எந்த வழியாக இறங்கியதோ எனக்கே தெரியாது.

கிளினிக்குக்கு நான் கை இறுக்கமான பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை என்று மூன்றடுக்கில் போனேன். குளிருக்காக என்றுதான் சொன்னேன். சட்டைக்கையை மேலே சுருட்ட முடியாவிட்டால் நம்மை இன்னொரு நாள் வரச் சொல்வார்கள் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை. நர்ஸம்மா ஒரு பார்வை பார்த்தார், "எல்லாத்தையும் கழட்டுங்க" என்றார், முடிந்தது கதை. பனியனில் முதுகுப் பக்கம் ஒரு ஓட்டை இருந்திருக்கிறது. உன் அம்மா ஊசிக்கு முகம் சுளிக்கவில்லை, அந்த ஓட்டைக்குத்தான் சுளித்தாள். நான் விடாமல் மெக்கானிக் சொன்னதை நர்ஸம்மாவிடமும் எடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, மருந்தை எடுத்துக்கொண்டே, "நான் தினமும் காலையில உங்க பஸ்லதான் வரேன், உங்களுக்குத் தெரியாது. அதுல எத்தனை பேர் இருமறாங்க, எத்தனை பேர் தும்முறாங்க? அத்தனையையும் உங்க உடம்பு ஒரே நேரத்துல சமாளிச்சுட்டுத்தானே வண்டி ஓட்டுது? ரெண்டு ஊசி அதுக்குப் பெரிய விஷயமே இல்ல. கை வலிக்கும், லேசாக் காய்ச்சல் அடிக்கலாம், ரெண்டு நாள்ல போயிடும்" என்றார். அப்புறம், "ஒரே கையிலயா, ரெண்டு கையிலும் ஒண்ணொண்ணா?" என்று சாப்பாட்டுக்கடையில் கேட்கிற மாதிரி கேட்டார். கியர் போடுகிற கை எனக்குச் சோறு போடுகிற கை, அதைத் தொட வேண்டாம், இரண்டையும் மற்ற கையிலேயே கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுங்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு டிப்போவிலிருந்து ஒவ்வொரு நிறுத்தமாக வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். மார்க்கெட்டைத் தாண்டி நூலகம் வரைக்கும் போயிருப்பேன், "இறங்குங்க, உங்க ஸ்டாப் வந்தாச்சு" என்றார். திறந்து பார்த்தால் இரண்டு இடத்தில் பஞ்சு. அடுத்து உன் அம்மா. அவள் கணக்கில் எல்லாம் சமமாக இருக்க வேண்டும், ஆகவே கைக்கு ஒன்று. எனக்கு வலி வந்தால் ஒரே பக்கம் வரும், உனக்கு இரண்டு பக்கமும் வரும், யோசித்துக்கொள் என்று நான் சொன்னேன். கேட்டால்தானே.

ஊசி போட்டபின் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். எதிர் நாற்காலியில் ஒரு பெண் கைக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் என் வீரத்தைப் பற்றி விஸ்தாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ரொம்ப வலிக்கிறதா என்று பதறிப்போய்க் கேட்டேன். "ஊசி வலிக்கல. நான் வரலைங்க, நீங்க மட்டும் போய் அவனைப் பாத்துட்டு வாங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மெதுவாகத்தான் சொன்னாள். போன குளிர்காலத்தில் காய்ச்சல் முற்றி, நெஞ்சில் சளி கட்டி, மூச்சுக்குக் குழாய் வைத்துப் படுத்திருந்தாளே, அதை நாம் மறந்துவிட்டோம், அவள் மறக்கவில்லை. பெரிய உடம்பையே அப்படிப் புரட்டிப் போட்டதென்றால் அவ்வளவு சின்ன நெஞ்சு என்ன பாடுபடும் என்று நீ போட்டோ அனுப்பிய நாளிலிருந்து யோசித்திருக்கிறாள். "ஊசி போட்டாலும் என் மூச்சு பட்டு அவனுக்கு ஏதாவது ஆயிட்டா? தூக்காம தூரத்துல நின்னு பாக்க என்னால முடியாது. அதுக்கு வராம இருக்கறதே மேல்" என்றாள். உன்னிடம் பரீட்சை நேரம் என்று சொல்லிவிடுவதாக இருந்தாளாம். அந்த மாதத்தில் உங்கள் பள்ளிக்கூடத்தில் பரீட்சையே கிடையாதே என்றேன். "வெச்சிடுவேன்" என்றாள். அந்தப் பிள்ளைகள் பாவம், தலைக்குமேல் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சிரித்துவிட்டேன், அவளும் அழுதபடியே சிரித்தாள், ஆனால் வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. டிக்கெட் எடுத்து வைத்திருக்கிற இந்த நேரத்தில் அவளை விட்டுவிட்டு நான் மட்டும் உன் வாசலில் வந்து நின்றால் நீ என்ன நினைப்பாய் என்று எனக்கு ஊசியைவிட அதுதான் பெரிய பயமாகிவிட்டது.

மறுநாள் எழுந்தால் அவளுக்கு இரண்டு கையும் நெஞ்சு உயரத்துக்குமேல் போகவில்லை. எனக்கு ஒரு கை உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஆக வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து உருப்படியாக ஒரே ஒரு கை, அதுவும் நான் சாமர்த்தியமாகக் காப்பாற்றி வைத்த கியர் கை. எனக்கு அன்று வார விடுமுறை, அவளோ பள்ளிக்கூடம் போயே தீருவேன் என்கிறாள், ஆனால் தலை பின்ன முடியவில்லை. விரித்த தலையோடு வகுப்புக்குள் போனால் அப்புறம் யார் கணக்குப் போடுவார்கள்? நாற்காலியில் அவளை உட்கார வைத்துப் பின்னால் நான் நின்றேன். பஸ்ஸை எந்தச் சந்திலும் திருப்பிவிடுவேன், இந்த மூன்று கால் பின்னல் எனக்குத் திரும்பவே மாட்டேன் என்றது. முடியை முன்பக்கம் இழுத்துப் போட்டு ஒரு காலை அவள் கையில் கொடுத்தேன், ஒன்றை நான் பிடித்தேன், மூன்றாவதை என் பல்லில் கடித்துக்கொண்டேன். "இதை அதுக்கு மேல போடுங்க, அதை இல்ல, இதை" என்று அவள் சொல்லச் சொல்ல, வாயில் முடியோடு பதில் பேசவும் முடியாமல், ஒருவழியாகக் கயிறு மாதிரி ஒன்று வந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பாஸ் மார்க்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தலைமுடி இவ்வளவு நரைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, இதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் சாயம் வாங்கி வரச் சொல்கிறீர்களா என்று சண்டைக்கு வருவாள். வகுப்பில் கை எழும்பாததால் கரும்பலகையின் கீழ் ஓரத்திலேயே எழுதினாளாம், பின்வரிசை முழுக்க எழுந்து நின்று பார்த்ததாம். தலைமையாசிரியை எட்டிப் பார்த்து என்ன இது என்று கேட்டதற்கு, "இன்னிக்குக் கணக்கு அடிமட்டத்துலேர்ந்து நடத்தறேன்" என்றாளாம். சாயங்காலம் இரண்டு பேருக்கும் லேசாகக் காய்ச்சல். துவைத்த துணியை உயரக் கொடியில் போட முடியாமல் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கயிறு கட்டி இடுப்புயரத்தில் காயப் போட்டோம். வீடு பொம்மைகள் குடியிருக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது. நீ பதறாதே, நர்ஸம்மா சொன்னபடியே அதற்கடுத்த நாள் காய்ச்சலும் போய்விட்டது, கையும் திரும்பி வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை வண்டியில் நர்ஸம்மா ஏறினார், இப்போதுதான் முகம் தெரியுமே. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினபிறகு உன் அம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் படியில் நின்றபடியே பொறுமையாகக் கேட்டார். "ஊசி போட்டு ரெண்டு வாரம் ஆகட்டும். கிளம்பும்போதும் அங்க போனப்புறமும் இருமல், சளி, காய்ச்சல் எதுவும் இல்லைன்னா, கையை நல்லாக் கழுவிட்டுத் தாராளமாத் தூக்கச் சொல்லுங்க. முகத்துல முத்தம் மட்டும் வேணாம், காலுக்குக் குடுத்துக்கட்டும். உடம்பு சரியில்லாத அன்னிக்கு மட்டும் தள்ளியிருந்தாப் போதும். ஊசி போட்டுட்டு வந்து தூக்கலாம்னு குழந்தை டாக்டரே வழி சொல்லித்தானே அனுப்பியிருக்கார், இவங்க ஏன் தானே தடை போட்டுக்கறாங்க?" என்றார். இறங்கும்போது, "அந்த நூலகத் திருப்பத்துல மட்டும் பிரேக்கைக் கொஞ்சம் மெதுவாப் போடுங்க" என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். உன் அம்மா மறுபடி சொல்லச் சொன்னாள், சொன்னேன். காலுக்கு முத்தம் கொடுக்கலாம் என்கிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு விடைத்தாள்களைத் திருத்தப் போய்விட்டாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை, அவளிடம் விடையை அவசரப்படுத்தினால் வருகிற விடையும் வராது.

நேற்று எனக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. கதவைத் திறந்தால் கூடத்தில் உன் அம்மா ஒரு துண்டில் எதையோ சுற்றி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏதோ முனகிக்கொண்டு, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்கிறாள். யார் வீட்டுக் குழந்தை என்று எனக்குத் திக்கென்றது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் கோதுமை மாவு. பையிலிருந்து கொஞ்சம் மாவை எடுத்துவிட்டு, சமையலறைத் தராசில் நிறுத்து, நீ சொன்ன அவன் எடைக்குச் சரியாக ஆக்கியிருக்கிறாள். என்னைப் பார்த்து வெட்கப்படுவாள் என்று நினைத்தேன், "கையைக் கழுவிட்டு வாங்க, உங்களுக்கும் பழக்கம் விட்டுப் போயிருக்கும்" என்று அதட்டினாள். கழுவிவிட்டு வந்து கையை நீட்டினேன், ஒரு தயக்கமும் இல்லாமல் நீண்டது. "கழுத்தைப் பிடிங்க, கழுத்தை" என்றாள். மாவுப் பைக்குக் கழுத்து எந்தப் பக்கம் என்று கேட்டேன், மடித்த பக்கம்தான் தலை என்றாள். அவ்வளவு பெரிய பஸ்ஸைத் தினமும் கையில் வைத்துத் திருப்புகிற எனக்கு, இவ்வளவு லேசாக ஒரு ஆள் இருக்க முடியும் என்று அதுவரை உறைக்கவே இல்லை, அம்மாடி. நான் அந்தப் பையோடு நடந்துகொண்டே இருந்தேன். "போதும், குடுங்க, என் முறை" என்று அவள் பின்னாலேயே வந்தாள், எனக்குத்தான் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. பெட்டியில் அவள் துணிகளும் ஏறிவிட்டன, அதை நான் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் உங்கள் ஊசிகளைத் தள்ளிப் போடாதீர்கள், உன் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஒரே நடையில் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் போகாதீர்கள், குழந்தையைத் தூக்க வீட்டில் வலிக்காத கைகள் எப்போதும் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பால் கொடுக்கும்போதே நீயும் ஏதாவது சாப்பிடு, அவன் தூங்கும்போது நீயும் தூங்கு, வீடு எப்படிக் கிடந்தாலும் நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் மூன்று பேரும் நிறைந்த ஆயுசோடும் குறையாத சிரிப்போடும் இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எல்லாம் உங்களுக்கே. முக்கியமான ஒன்று, மறந்துவிடாதே. இந்த வாரம் அவனைத் தராசில் நிறுத்த உடனே புது எடையைச் சொல்லி அனுப்பு. உன் அம்மா மாவு சேர்க்கக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
பொடியனின் தாத்தாவாகிவிட்ட
உன் அப்பா