நீலச் சாக்கட்டிக் குறிகள்

மார்ச் 4

அன்புள்ள சித்திக்கு,

தையல் மேசையில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக்கொண்டு இந்த உறையைப் பிரியுங்கள். உள்ளே ஏழு தாள்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கைப்பேசித் திரை. வீட்டில் இருந்தபடியே மருத்துவரைப் பார்த்துப் பேசுவதற்கு ஒரு செயலி செய்கிறோம் என்று போன முறை சொன்னேன் அல்லவா, அதுதான். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. கணினிக்குப் போகும் முன் தாளில் வரைந்து ஆட்களிடம் கொடுத்துப் பார்ப்போம். பன்னிரண்டு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்கு முக்கியமானவர் நீங்கள்தான். அறுபத்து மூன்று வயது, தனி வீடு, மூன்றாம் மாடி, மருத்துவர் என்றாலே எரிச்சல். இந்தச் செயலியே உங்களுக்காகத்தான்.

தாளின் கீழே ஒரு கேள்வி இருக்கும். எங்கே அழுத்துவீர்களோ அங்கே பென்சிலால் வட்டம் போடுங்கள். தவறாகிவிடுமோ என்று யோசிக்க வேண்டாம். எங்கள் மேலாளர் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்: "பயன்படுத்துபவர் தடுமாறினால் தவறு நம்முடையது." எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது.

மே பத்தாம் தேதி வெளியீடு. அன்றைக்குப் போட்டுக்கொள்ள உங்கள் கையால் ஒரு முழுக்கைச் சட்டை வேண்டும்.

உங்கள் எலி
(இப்போது புத்தக ஓரங்களைக் கடிப்பதில்லை. படிக்க மட்டும் செய்கிறேன்.)


மார்ச் 13

என் எலிக்கு,

முதலில் சண்டை, பிறகு விசாரிப்பு. ஆறாவது தாளில், "முந்தைய பக்கத்துக்குத் திரும்ப எதை அழுத்துவீர்கள்" என்று கேட்டிருக்கிறாய். பொத்தானே வைக்காமல் கேட்டால் எப்படி? அரை மணி நேரம் தேடினேன். ஆளை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு என்னிடமே சாவி கேட்கிறாய்.

மற்றதெல்லாம் குறித்துவிட்டேன். பென்சில் கிடைக்கவில்லை. மெஷினுக்கு இடப்பக்கம் டப்பாவில்தான் எப்போதும் இருக்கும், யார் எடுத்தார்களோ. துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியால் போட்டிருக்கிறேன், அழிந்தால் என்னைக் கேட்காதே. மதியச் சாப்பாடு கொண்டுவரும் கீழ்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்ன பெரியம்மா, பரீட்சையா?" என்றாள். "ஆமா, எங்க எலி வெச்சிருக்கா. நான் பாஸ் ஆனா அவளுக்குச் சட்டை தெச்சுத் தரணுமாம்" என்றேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் கொஞ்சம் தலைவலி. இடது தோளில் ஒரு கன்றல். சமையலறை வாசல் நிலை இடிக்கிறது. இருபது வருடமாக அதே நிலை, இப்போதுதான் அதற்கு என்மேல் கோபம்.

துணி எடுத்தாயிற்று, வெளிர் சாம்பல். அளவு அனுப்பாதே. உன் தோள் என் நாடாவுக்குத் தெரியும்.

உன் சித்தி


மார்ச் 22

அன்புள்ள சித்திக்கு,

பொத்தான் இருக்கிறது சித்தி. இடது மேல் மூலையில், அம்புக்குறி போட்டு. உங்கள் கண்ணில் படவில்லை. எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். இத்தனை நாள் எல்லாரும் அதை அங்கேதான் வைக்கிறார்கள், நானும் வைத்தேன், ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அதை வலது பக்கம் மாற்றச் சொன்னேன். நிரல் எழுதும் தாடிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "மத்த பதினோரு பேரும் கண்டுபிடிச்சுட்டாங்க. உங்க சித்திக்கு மட்டும்தான் தெரியல. அது ஏன்னு பாக்கணும்ல?" என்றார். கண்டுபிடித்த பதினோரு பேருக்கு நாம் தேவையில்லை, கண்டுபிடிக்காத ஒருவருக்குத்தான் தேவை என்றேன். மேலாளர் மேசையைத் தட்டி ஆமோதித்தார். அடுத்த ஏழு தாள்கள் இத்துடன்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இடது ஓரம் மூன்று விரல் அகலத்துக்குக் காலியாக இருந்தது. தாள் அவ்வளவு மலிவாகிவிட்டதா அங்கே?

உங்கள் எலி


ஏப்ரல் 5

என் எலிக்கு,

இந்த முறை தாள்கள் எல்லாம் வெண்ணெய் போல. தேட வேண்டியிருக்கவில்லை. ஒன்றிரண்டு மட்டும் பழையபடி காலியாக இருந்தன, பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஓரம் விடுகிறேன் என்கிறாய். தாளின் விளிம்பிலிருந்துதான் எழுதுகிறேன். உன் கண்ணைக் கவனி, நாள் பூராவும் திரையைப் பார்த்தால் இப்படித்தான்.

இங்கே ஒரு சின்ன மனஸ்தாபம். கீழ்வீட்டுப் பெண் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். தட்டு சீக்கிரம் காலியாகிவிடுகிறது, வயிறு நிறைவதில்லை. நேற்று கேட்டேவிட்டேன். அவள் தட்டைக் கையில் எடுத்துக் காட்டி, "பாதிய அப்படியே வெச்சிருக்கீங்களே பெரியம்மா" என்கிறாள். அவள் தட்டைத் திருப்பியதும் சாப்பாடு இருந்தது. எப்போது வைத்தாளோ. ஒருவேளை விளையாடுகிறாள். நான் பேச்சை வளர்க்கவில்லை. நல்ல பெண், வேறு யார் மூன்று மாடி ஏறி வருவார்கள்.

செய்தித்தாள்கூட இப்போது பாதி வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது. யாருக்கும் பொறுப்பில்லை.

உன் சித்தி


ஏப்ரல் 16

அன்புள்ள சித்திக்கு,

எல்லாவற்றையும் வலது பக்கம் ஒரே வரிசையில் கொண்டுவந்துவிட்டோம். அழைக்கும் பொத்தான், மருந்துச் சீட்டு, திரும்பிப் போகும் அம்பு, எல்லாம். அலுவலகத்தில் அதற்கு "சித்தி வரிசை" என்றே பெயர். புதிதாகச் சேர்ந்தவர்கள், அது என்ன முறை, எந்தப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது என்று கேட்கிறார்கள்.

தாடிக்காரர் மட்டும் விடுவதாக இல்லை. தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, "அவங்ககிட்ட ஒரு தடவை கண்ணைக் காட்டச் சொன்னீங்களா?" என்றார். "ஒரே தடவையில ஊசில நூல் கோக்கறவங்க அவங்க" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். தோற்றவர் பேசுகிறார் என்று நினைத்தேன்.

என் பழைய கைப்பேசியில் செயலியைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். முதலில் பயன்படுத்துபவர் நீங்களாக இருக்க வேண்டும். அந்தத் தலைவலியைச் சொல்லுங்கள் மருத்துவரிடம்.

உங்கள் எலி


ஏப்ரல் 29

என் எலிக்கு,

பார்த்தாயிற்று உன் மருத்துவரை. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. தொட்டேன், வந்தார். நான்கே நிமிடம். சின்ன வயது, பொறுமையாகப் பேசினார். "பார்வை மங்குதாம்மா?" என்றார். "ஊசிக் கண் தெரியுது டாக்டர்" என்றேன். சிரித்தார். குனிந்தே தைப்பதால் கழுத்து நரம்பு இறுகியிருக்கிறதாம், மாத்திரை எழுதிக்கொடுத்தார். இனி நீ எனக்காக அலைய வேண்டியதில்லை. லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவதெல்லாம் வேண்டாம். எல்லாம் வலது கைக்குள் இருக்கிறது.

தெருவில் இறங்குவதைத்தான் குறைத்துக்கொண்டேன். சைக்கிள்கள் எங்கிருந்தோ முளைக்கின்றன. யாரோ இடப்பக்கமாகவே நடந்து வருகிற மாதிரி ஓர் உணர்வு. திரும்பினால் யாரும் இல்லை.

சட்டை முடிந்தது. காஜாவெல்லாம் கையாலேயே எடுத்தேன், மெஷின் காஜா உனக்குப் பிடிக்காது. மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். என் கண்ணே பட்டுவிடும் போல இருக்கிறது.

உன் சித்தி


மே 6

சித்தி,

சட்டை வந்தது. என் மேசையில் விரித்தேன், நீங்கள் விரித்த மாதிரியே.

வலது பாதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடது பாதியில், அதாவது நான் போட்டுக்கொண்டால் வலது கை, மணிக்கட்டுப் பட்டியில் காஜா இல்லை, பொத்தான் இல்லை, ஓரம் மடிக்கவே இல்லை. நூல் தொங்குகிறது. காலரின் அந்த முனை தைக்கப்படாமல் வாய் திறந்திருக்கிறது.

ஒரு தாளில் பொத்தான் தெரியாவிட்டால் தாள் தவறு என்று சொல்லலாம். சொன்னேன். சட்டையை என்ன சொல்வது? முப்பத்தைந்து வருடத்தில் நீங்கள் ஒரு காஜாவை விட்டதில்லை.

நீங்கள் அனுப்பிய தாள்கள் அத்தனையையும் தரையில் பரப்பினேன். பதினான்கு தாள்கள். இடது பாதியில் ஒரு நீலக் குறிகூட இல்லை. பக்கத்தில் கடிதங்களை வைத்தேன். மூன்று விரல், பிறகு உள்ளங்கை. கடைசிக் கடிதம் தாளின் பாதியில்தான் தொடங்குகிறது. நிலை, தட்டு, செய்தித்தாள், சைக்கிள். நீங்கள் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். நான் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன்.

உங்கள் கைப்பேசிக்கு ஆறு முறை அழைத்தேன். கடைசியில் கீழ்வீட்டு அக்கா ஏறி வந்து எடுத்தார். "மெஷினுக்கு இடது பக்கம்தான்மா இருக்கு. அடிக்குது அடிக்குதுன்னு வீடு பூரா தேடறாங்க" என்றார். உங்களை இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன். நான் இரவு வண்டியில் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வரும். நேரில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். உங்கள் தடுமாற்றம் ஒவ்வொன்றையும் நான் சரிசெய்தேன். யாரும் பார்க்க முடியாதபடி சரிசெய்தேன்.

எலி


மே 12

அன்புள்ள சித்திக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உங்களிடம் சொன்னதையே மருத்துவர் என்னிடமும் சொன்னார். மூளையின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி. கண்ணில் பழுதில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதை அது உங்களிடமிருந்து எடுத்துவிட்டது, எடுத்ததே தெரியாமல். நாளை காலை அறுவை. இரண்டு மாதம் முன்னால் என்றால் இதில் பாதி அளவுதான் இருந்திருக்கும் என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

செயலியை வெளியிட்டுவிட்டார்கள், சித்தி வரிசையோடு. நிறுத்தச் சொன்னேன். திரையின் ஒரு பாதியையே தொடாதவர் இருந்தால் அதை மருத்துவருக்குச் சொல்லும்படி செய்யலாம் என்றேன். தாடிக்காரரும் என்னோடு நின்றார். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார் மேலாளர். முதல் நாளில் நாலாயிரம் பேர். ஒருவர்கூடத் தடுமாறவில்லையாம்.

இன்று மதியம் நீங்கள் செவிலியிடம், "எங்க எலி இன்னும் வரலியா?" என்றீர்கள். நான் உங்கள் இடது கையைப் பிடித்துக்கொண்டு இங்கேதான் இருந்தேன். எழுந்து நாற்காலியை அந்தப் பக்கம் தூக்கிப் போடப் போனேன். செவிலி தடுத்தார்.

"மாறி உக்காராதீங்கம்மா. இந்தப் பக்கமே இருந்து கூப்பிடுங்க. உங்களைத் தேடி அவங்க திரும்பணும். நாம சுலபமாக்கிட்டே போனா, இந்தப் பக்கத்தை அப்படியே விட்டுடுவாங்க."

கூப்பிட்டேன். நீங்கள் வலப்பக்கம் திரும்பி, ஜன்னலைப் பார்த்துச் சிரித்தீர்கள். "குரல் கேக்குது. ஆளைத்தான் காணோம்" என்றீர்கள்.

நான் நாற்காலியை மாற்றவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மாலை வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தைத் தாளின் இடது பாதியில் மட்டும் எழுதியிருக்கிறேன். நாளை நீங்கள் கண் விழித்ததும் கையில் கொடுப்பேன். "வெறும் தாளைக் குடுக்கறியே" என்றால் வாங்கி மடித்து வைத்துக்கொள்வேன். அடுத்த நாள் மறுபடி கொடுப்பேன். அதற்கு அடுத்த நாளும்.

வலது பாதியை உங்கள் பதிலுக்கு விட்டிருக்கிறேன்.

இடப்பக்கத்திலிருந்து,
எலி