பாட்டு முடிந்துதான் இறங்குவோம்

2 ஜூன் 1986, திங்கள்

இன்றும் தாமதம். ஓசூரில் எங்கள் கம்பெனி கேட்டை ஒன்பது மணிக்கு மூடிவிடுவார்கள். நான் போய் நின்றபோது வாட்ச்மேன் பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூட்டில் ஒரு தூசியும் இல்லை. என்னைப் பார்ப்பதற்காகவே துடைக்கிறார்.

காரணம் எழுதச் சொன்னார்கள். "பஸ் தாமதம்" என்று எழுதினேன். பஸ் ஏன் தாமதம் என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை. பாட்டு முடியவில்லை, அதனால் யாரும் இறங்கவில்லை, அதனால் பஸ் நகரவில்லை — இதை டைப் அடித்துக் கொடுத்தால் என்னை நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள்.

எங்கள் ஊர் ஜோடுகல்லுக்கே இது வியாதி. மலைச்சரிவில் மேல் தெருவில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டே ஒரு பாட்டைத் தொடங்கினால், கீழ்த் தெருவில் ஒருவர் முகம் கழுவிக்கொண்டே அதை முடிப்பார். மாட்டு டாக்டர் பாடிக்கொண்டேதான் ஊசி போடுகிறார். மாடும் நிற்கிறது. பெங்களூர் பக்கத்தில் இருப்பதால் புது கேசட்டெல்லாம் சேலத்துக்கு முன்னால் எங்களுக்கு வந்துவிடுகிறது என்று பெருமை வேறு. பாட்டுக்கு நடுவில் எழுந்து போனால் பாடினவரை அவமானப்படுத்தியதாம். பஸ்ஸில் ஓடும் கேசட்டுக்கும் இதே மரியாதை. ஸ்டாப் வந்து பஸ் நிற்கும். பாட்டு முடியும்வரை இறங்க வேண்டியவர்கள் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இதே கதை.

இந்த ஊரில் பாட்டு காதில் ஏறாத ஒரே ஜீவன் நான். எனக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுதான். சில சீக்கிரம் முடியும், சில முடியாது.

4 ஜூன், புதன்

இன்று சோகப் பாட்டு. மெதுவான சோகம். ஒன்பதே கால்.

9 ஜூன், திங்கள்

மேனேஜர் கூப்பிட்டார். "ஜூலையோட உங்க டிரெய்னிங் முடியுதும்மா. டைப்பிங்ல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஜூலை மாசம் ஒரு நாள் லேட்டுன்னாலும் பர்மனென்ட் ஆர்டர் கிடையாது."

வீட்டில் சொன்னேன். அம்மா முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போனா போவட்டும் தீர்த்தா. பச்சியப்பன் இருக்கான்ல?"

பச்சியப்பன் என் மாமா மகன். பாப்பிரெட்டிப்பட்டியில் உரக்கடை. நல்லவன்தான். ஆனால் மவுத் ஆர்கன் வாசிப்பான். பொங்கலுக்கு வந்தவன் சாப்பாட்டுக்கு முன்னும் வாசித்தான், பின்னும் வாசித்தான். பாயசத்துக்கு மட்டும் இடைவேளை விட்டான். "கேக்கறப்ப மனசு உருகுதுடி" என்றாள் அம்மா. ஊரே அவனை மாப்பிள்ளையாக ஏற்றுக்கொண்டுவிட்டது. பால் சொசைட்டியில்கூட விசாரிக்கிறார்கள்.

எனக்கு இந்த வேலை வேண்டும். எனக்குப் பிடித்த ஒரே வாத்தியம் டைப்ரைட்டர். அதை விட்டுவிட்டு ஆயுசு முழுக்க மவுத் ஆர்கன் கேட்கவா? முடியாது. முடியவே முடியாது.

12 ஜூன், வியாழன்

பஸ்ஸே வேண்டாம் என்று விடியற்காலையில் மலையிலிருந்து நடந்தே இறங்கினேன். அடிவாரத்துக்குப் போய் வேறு பஸ் பிடிக்கலாம் என்று கணக்கு. பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. பின்னாலேயே நம் பஸ். கண்டக்டர் குப்புராஜ் எட்டிப் பார்த்து, "அடடா, தீர்த்தம்மாவா! ஏறுங்க, ஏறுங்க" என்று கையைப் பிடித்து ஏற்றினார். எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். ஆனால் நடுரோட்டிலேயே பாட்டு முடியும்வரை நின்றுதான் கிளம்பினார்கள். நான் ஏறிய சத்தத்தில் பல்லவி சரியாகக் கேட்கவில்லை என்று அதை முதலிலிருந்து வேறு போட்டார்கள்.

16 ஜூன், திங்கள்

பஸ் முதலாளி பெரியண்ணனைத் தக்காளித் தோட்டத்தில் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவனுங்க தலையாட்டறதுக்கா நான் டீசல் ஊத்தறேன்? பாட்டுச் செட்டைக் கழட்டிப்புடறேன்" என்றார். சாயங்காலமே கழற்றிவிட்டார்.

ஜெயித்துவிட்டேன். இரவு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

17 ஜூன், செவ்வாய்

பத்து மணி! பத்து!

முதல் வளைவுவரை பஸ்ஸில் எழவு வீட்டு அமைதி. அப்புறம் ஜான் பீ அக்கா லேசாகத் தொண்டையைச் செருமினாள். இவள் எங்கள் தெருவில் தையல்காரி. தைத்த ஜாக்கெட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு தினமும் ஓசூர் கடைக்குப் போகிறவள். அவள் பாட ஆரம்பித்ததும் மொத்த பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. கேசட் பாட்டுக்காவது முடிவு உண்டு. இவர்கள் முடித்த பிறகு, "அந்தக் கடைசி அடியை இன்னொருக்கா பாடுக்கா" என்று ஆரம்பிக்கிறார்கள்.

இது போதாதென்று டிரைவர் ஹயாத் பாஷா ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி வெளியே எட்டிப் பார்த்தார். "பாட்டுச் செட் இல்லாம எந்த வளைவுன்னே புரியலைங்க" என்றார். பதினெட்டு வருஷமாக இந்த மலையில் ஓட்டுகிறவர்!

19 ஜூன், வியாழன்

செட்டைக் கழற்ற வைத்தது யாரென்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலி. ஜான் பீ அக்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும். ஆனால் என் பிளவுசில் ஒரு கொக்கி விட்டிருந்ததே, அதை யாரிடம் கொடுப்பது?

"கொழாயடில எனக்கு யாரும் எடம் வுட மாட்டேங்கறாளுங்கடி" என்று அம்மா அழுதாள். கொஞ்சம் ராகத்தோடுதான் அழுதாள்.

21 ஜூன், சனி

சாயங்காலம் பஸ்ஸில் கடைசியாக இறங்கினேன். ஹயாத் பாஷா ஸ்டியரிங்கில் கை வைத்து வெறுமனே உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சிருங்க பாய்" என்றேன்.

"உம்மேல கோவமில்லம்மா. பாட்டு இருந்தா கை தானா கியர் போடும். பாட்டு வேகமாப் போனா நானும் வேகமாப் போவேன். மெல்லப் போனா நானும் மெல்ல. இப்ப என்னை நானே ஓட்ட வேண்டியிருக்குது. கஷ்டமா இருக்குது."

வீட்டுக்கு வந்து குழம்பில் உப்புப் போடும்போதுதான் உறைத்தது. அப்படியானால் பஸ்ஸை ஓட்டுவது பாட்டு! தாமதமாவது பாட்டால் இல்லை. தப்பான பாட்டால். ஏற்றத்துக்கு ஒரு பாட்டு, இறக்கத்துக்கு ஒரு பாட்டு, ஸ்டாப் வரும்போது சரியாக முடிகிற பாட்டு என்று பார்த்துப் போட்டால்?

உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

மறுபடியும் தக்காளித் தோட்டம். "அன்னைக்கு வேணாம்னே, இன்னைக்கு வேணும்ங்கறே. நான் என்ன பஸ்ஸு ஓட்டறேனா, பாட்டுக் கச்சேரி நடத்தறேனா?" என்று கத்தினார் பெரியண்ணன். கத்திவிட்டு, செட்டை மாட்டச் சொல்லிவிட்டார். செட் போனதிலிருந்து அவருக்கும் பொழுது போகவில்லையாம்.

29 ஜூன், ஞாயிறு

பெங்களூர் போய் வந்தேன். வாரம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போய், எந்த ஸ்டாப்புக்கு எவ்வளவு நேரம் என்று குறித்து வைத்திருந்தேன். ஆனால் பாட்டுக்கு நான் எங்கே போவேன்? ஜான் பீ அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த நூல் கீழே விழுந்தது. "உனக்கு நான் கேசட்டுப் பண்ணித் தரணுமா? நடடி!"

சிவாஜிநகரில் அப்துல் ஷுக்கூரின் ரெக்கார்டிங் கடை. காலி கேசட்டைக் கொடுத்து, வேண்டிய பாட்டைச் சொன்னால் பதிந்து தருவார்.

"எந்த மாதிரி பாட்டும்மா வேணும்?"

"மூணு நிமிஷப் பாட்டு ரெண்டு, நாலரை நிமிஷத்துல ஒண்ணு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ராகம் ஏதாச்சும்...?"

"ஏத்தத்துக்கு வேகமா இருக்கணுங்க. எறக்கத்துக்கு நிதானமா. வளைவுல தபேலா வேணாம்."

"இவ டைப்பிஸ்ட்டுங்க பாய். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றாள் ஜான் பீ அக்கா. அப்புறம் அவள் முணுமுணுக்க, அவர் எடுத்துப் போட, நான் கடிகாரம் பார்க்க, மதியம் ஆகிவிட்டது. நீளமாகப் போன ஒரு பாட்டை, "கடைசியில கொஞ்சம் வெட்டிரலாமே" என்றேன். ஷுக்கூர் பாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினோம்.

ஜான் பீ அக்கா தனக்கென்று ஒரே ஒரு பாட்டுக் கேட்டாள். ஒரு பெண் குரல், பின்னால் ஒரு புல்லாங்குழல். எவ்வளவு நேரம்! "இது முடியறதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிருவேன்க்கா." "இது இல்லாத கேசட்டை நான் கையாலயும் தொட மாட்டேன்" என்றாள். அப்போதுதான் ஓசூர் ரயில்வே கேட் ஞாபகம் வந்தது. காலையில் அது எப்போதும் மூடித்தான் இருக்கும். கேட்டில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் சரியாகப் போகும். அதைக் கடைசிப் பாட்டாகப் போட்டோம்.

1 ஜூலை, செவ்வாய்

புது கேசட். முதல் இரண்டு ஸ்டாப்பும் அற்புதம். பாட்டு முடியவும் பஸ் நிற்கவும் சரியாக இருந்தது. மக்கள் தானாக எழுந்து இறங்கினார்கள். குப்புராஜ் விசிலை வாயில் வைத்தபடியே அழுதுவிட்டார்.

அப்புறம் கருப்பண்ணனின் ஆடுகள் ரோட்டின் குறுக்கே வந்தன. பஸ் நின்றது. பாட்டு முடிந்தது. ராகிக் காட்டு நடுவில் ஒன்பது பேர் இறங்கிவிட்டார்கள்!

"ஸ்டாப் இன்னும் வரலைங்க! ஏறுங்க!" என்று குப்புராஜ் பின்னால் ஓடினார்.

"பாட்டு முடிஞ்சிருச்சுல்ல?" என்றார்கள் அவர்கள்.

கேட் மூட ஒரு நிமிஷம் இருக்கும்போது உள்ளே விழுந்தேன். விழுந்தேன் என்றால் நிஜமாகவே. முழங்காலில் மஞ்சள் போட்டிருக்கிறேன்.

3 ஜூலை, வியாழன்

கருப்பண்ணனிடம் பேசியாகிவிட்டது. "மூணாவது பாட்டு மேல கேட்டாவே ஆட்டை இந்தப் பக்கம் ஓட்டிக்கிறேன். முன்னமே சொல்லியிருக்கலாம்ல" என்றார். ஏதோ எல்லா ஊரிலும் ஆடுகள் கேசட் கேட்டுத்தான் மேய்வது போல.

8 ஜூலை, செவ்வாய்

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் முன்னால் கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் பூட்டை இன்னும் வெளியே எடுக்கவில்லை.

15 ஜூலை, செவ்வாய்

பச்சியப்பன் வந்தான். என்னைப் பார்க்க ஓசூருக்கே வந்து, சாயங்கால பஸ்ஸில் கூடவே ஏறினான். கேசட் ஓடியது. அதனோடு சேர்ந்து மவுத் ஆர்கனை எடுத்து வாசித்தான். ஹயாத் பாஷாவுக்கு எதைக் கேட்டு கியர் போடுவது என்று தெரியவில்லை. ஏற்றத்தில் பஸ் இருமிவிட்டு நின்றது.

"தம்பி, ஒண்ணு நீ ஓட்டு, இல்ல அதை ஓட்ட வுடு" என்றார் ஹயாத் பாஷா. பஸ்ஸே சிரித்தது. பச்சியப்பன் முகம் சிவந்து மவுத் ஆர்கனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நானும் சிரித்தேன். ராத்திரி அம்மா அவனுக்கு எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. அவன் போன பிறகு, "தாளம் கொஞ்சம் பத்தலைடி" என்றாள்.

31 ஜூலை, வியாழன்

எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

கடைசி நாள். இதுவரை ஒரு நாளும் தாமதமில்லை. இன்று பார்த்து மலை இறங்கியதும் செட் கேசட்டைத் தின்றுவிட்டது. நாடா மொத்தமும் குடலைப் போல வெளியே வந்துவிட்டது. குப்புராஜ் பென்சிலைச் செருகிச் சுற்றுகிறார், சுற்றுகிறார், ஹயாத் பாஷாவுக்கோ பாட்டில்லாமல் கை ஓடவில்லை. மறுபடி பாட்டு வந்து, ரயில் போய்த் திறந்திருந்த ரயில்வே கேட்டைத் தாண்டி, கம்பெனி ஸ்டாப்பில் நிற்கும்போது ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம். ஜான் பீ அக்காவின் பாட்டு பாதியில் இருக்கிறது. அந்தப் பெண் குரல் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

என்னால் எழ முடியவில்லை. என்ன ஆச்சு எனக்கு? நானா இப்படி? மரியாதை பார்க்கிற ஆளா நான்? ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் எப்படி எழுவது? சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர்.

ஜான் பீ அக்கா பின் சீட்டிலிருந்து கத்தினாள். "பாய்! நிறுத்துங்க அதை!"

ஹயாத் பாஷா திரும்பிப் பார்த்தார். ஜோடுகல் பஸ்ஸில் பாடுகிற பாட்டை யாரும் நிறுத்தியதே கிடையாது. அவர் கை நீண்டு பட்டனை அமுக்கியது. பாட்டு நடுவிலேயே நின்றது.

"ஓடுடி!" என்றாள் ஜான் பீ அக்கா. ஓடினேன். பூட்டு வாட்ச்மேன் கையில் இருந்தது. நான் உள்ளே போன பிறகுதான் போட்டார்.

1 ஆகஸ்ட், வெள்ளி

ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். பர்மனென்ட்! அம்மா மாமாவுக்கு, "பொண்ணு இப்ப கல்யாணம் வேணாம்ங்குது" என்று கடிதம் போடச் சொன்னாள். பஸ்ஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். பாட்டு முடிந்த பிறகுதான் தின்றார்கள்.

18 ஆகஸ்ட், திங்கள்

இரண்டாவது வளைவில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றிக் கம்பெனி ஸ்டாப்புக்கு வரும்போது ஒன்பது ஆகப் போகிறது. அன்றைப் போலவே ரயில்வே கேட் திறந்திருந்ததால் கடைசிப் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதே இடம். அந்தக் குரல் மேலே ஏறுகிற இடம்.

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. "நீங்க மட்டும் பாதியில போலாம்ங்க தீர்த்தம்மா. பஸ்ஸுல எல்லாரும் அதைப் பேசி முடிவு பண்ணியாச்சு" என்றார் குப்புராஜ். ஹயாத் பாஷாவின் விரல் பட்டனுக்குப் போய்விட்டது.

"கையை எடுங்க பாய். முடியட்டும்" என்றேன்.

ஜான் பீ அக்கா தன் மூட்டையோடு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் குரல் மேலே போய், அங்கேயே கொஞ்சம் நின்று, புல்லாங்குழலோடு கீழே வந்தது. இவ்வளவு நாள் கேட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் கேட்டேன்.

கேட் பூட்டியிருந்தது. அரை நாள் லீவு. மேனேஜர் காரணம் எழுதச் சொன்னார். "பாட்டு முடியவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தப் பாட்டும்மா?"

எனக்குப் பாட்டின் பெயர் தெரியாது. பாடிக் காட்டினேன். கேவலமாகத்தான் பாடியிருப்பேன். ஆனால் அவர் நடுவில் எழுந்து போகவில்லை.