சுரக்குடி ஓடுபாதையை உழுத நாள்

அக்கா,

இன்று காலை உங்கள் கொட்டகையைத் திறந்தேன். விமானம் போய் மூன்று மாதமாகியும் பெட்ரோல் வாசனை போகவில்லை. வெளியே டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. "எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்ணே?" என்றார் ஓட்டுநர். ஓடுபாதையின் கிழக்கு முனையைக் கை காட்டினேன்.

ஓடுபாதைக்கான அனுமதி உங்கள் பெயரில் இருந்தது. உங்களோடு அதுவும் முடிந்தது. பிரான்சிலிருந்து வந்த உங்கள் அண்ணன் மகள் விமானத்தை விற்றுவிட்டார். இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போனார்கள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் நான். இந்த ஓடுபாதையை மூடச் சொல்லி முதலில் மனு எழுதியவனும் நான்தான்.

பிரான்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்றுப் பக்கத்து ஊரான தலத்தெருவுக்குத் திரும்பிய ஒரு பெண், சுரக்குடியில் அப்பா விட்டுப்போன வயலில் செம்மண் அடித்து மேடாக்கி, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஓட்டினால் பக்கத்து வயல்காரனுக்கு எப்படி இருக்கும்? சத்தத்தில் மாடு மிரள்கிறது, மேட்டினால் என் வயல் தண்ணீர் வடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடம் நாம் பேசிக்கொள்ளவில்லை.

அந்த ஐப்பசியில் ஐந்து நாள் விடாத மழை. நட்டு இருபது நாளான பயிர் முழுகிவிட்டது. மழை விட்ட காலையில் சண்டை போடத்தான் வந்தேன். "உங்க மேட்டாலதாங்க எல்லாம் போச்சு" என்று கத்தினேன். நீங்கள் விமானத்தைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்னாலதான்னா நாளைக்கே வெட்டிவிட்டுடறேன் தம்பி. மேலேர்ந்து ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க. ஏறுங்க."

கோபத்தில் ஏறிவிட்டேன். சக்கரம் தரையை விட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறங்க தம்பி. இதுக்குத்தானே கூட்டியாந்தேன்."

திறந்தேன். வயல் இல்லை, வரப்பு இல்லை. திருநள்ளாற்றுக் கோபுரத்திலிருந்து கடல்வரை ஒரே தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் மேகங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அரசலாறு பழுப்பாகக் கடலுக்குள் நெடுந்தூரம் போய், விசிறிபோல் விரிந்து கிடந்தது. முப்பது வருடம் உழுத என் ஆறு மா நிலத்தை, அந்த இரண்டு ஏக்கரைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

"எங்க வயலு எது அக்கா?" அன்றுதான் உங்களை முதலில் அக்கா என்றேன்.

"எனக்கும் தெரியலையே" என்று சிரித்தீர்கள். பிறகு விமானத்தைச் சாய்த்துக் கை காட்டினீர்கள். "அந்தப் பாலத்தப் பாருங்க. பச்சையா அடச்சிருக்கு."

வடிகால் வாய்க்காலில் மிதந்து வந்த ஆகாயத்தாமரை முழுவதும் ரோட்டுப் பாலத்தின் கீழ் சிக்கியிருந்தது. உங்கள் மேட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. இறங்கியதும் ஊரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். சாயங்காலத்துக்குள் அடைப்பை எடுத்தோம். பாதிப் பயிருக்கு மேல் பிழைத்தது.

மறுநாள் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்து சொன்னேன். "அப்ப இனிமே மாடு மிரளாதா தம்பி?" என்று கேட்டீர்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. போன கார்த்திகையில், நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மறுபடியும் வெள்ளம். மேற்கு வயல்காரர்கள் என் வாசலில் வந்து நின்றார்கள். "உங்க வரப்ப வெட்டினாத்தாங்க எங்களுக்கு வடியும்" என்றார்கள். "நம்ம பயிரு என்னாவறது?" என்றாள் என் மனைவி. அவள் கேட்டதில் தப்பில்லை. பழைய ஆளாக இருந்திருந்தால் மறுநாளே இன்னொரு மனு எழுதியிருப்பேன்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானே போய் வெட்டினேன். அந்தப் போகம் எனக்கு விளைச்சல் குறைந்ததுதான். ஆனால் வரப்பு உடைந்து தண்ணீர் பாய்ந்தபோது, முழங்கால் சேற்றில் நின்ற என் கண்ணுக்குள், அன்று மேலிருந்து பார்த்த ஊர் கோபுரத்திலிருந்து கடல்வரை ஒரே தண்ணீராக விரிந்து கிடந்தது, அக்கா. அதில் என் வயலை நான் தேடவில்லை.