நான் எடுக்காத பணம்

ஜூன் 3, செவ்வாய்

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கி வந்தேன். மீன் விற்ற பணம் வந்த வரிகளுக்கு நடுவே ஏதோ ஓர் இங்கிலீஷ் பெயர். அந்தப் பெயருக்கு மாதம் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய், மார்ச்சிலிருந்து போயிருக்கிறது. அம்மாவிடம் நானே காட்டினேன். நானே காட்டினேன் – அதுதான் ஆறவில்லை.

"வீட்ல இருக்கது ஒரு போன். அதை நோண்டுதது நீதான. காசு கட்டி என்ன படம் பார்த்த, ஏளா?"

வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கவில்லை.

ஜூன் 4, புதன்

ஏ.டி.எம். கார்டை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து இந்த வீட்டுப் பாங்கு வேலை முழுக்க நான்தான். இத்தனை நாள் தெரியவில்லையா, நான் திருடி என்று? நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுவேன்னு நெனப்பு. கேட்டுக்கிட மாட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

பாங்குக்குத் தனியாகப் போனேன். என் முறை வந்ததும் பின்னால் நின்றவரை முன்னால் விட்டேன். அடுத்தவரையும் விட்டேன். கடைசியில் கவுண்டரிலிருந்த ஜெபசுதா மேடமே கூப்பிட்டார்.

"இது சந்தாம்மா. மாசாமாசம் எடுத்துக்கிடுங்கன்னு உங்க போன்லயிருந்தே பின் நம்பர் போட்டு அனுமதி குடுத்திருக்கு. எதுக்குன்னு போன்லயே பார்க்கலாம், நிறுத்தலாம்."

"நான் குடுக்கல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க" என்று சிரித்தார். சிரிக்க இதில் என்ன இருக்கிறது?

பின் நம்பர் எனக்கு மட்டுமா தெரியும்? ஐஸ் வாங்க, டீசல் போட அந்த போன் தினம் விடியற்காலை அப்பாவோடு கரைக்குப் போகிறது. கை ஈரமாக இருந்தால் அப்பா நம்பரைச் சத்தமாகச் சொல்வார், வள்ளத்து ஆட்களில் யாராவது அடிப்பார்கள். திரேஸ்புரம் கரைக்கே தெரிந்த நம்பர். திருடி மட்டும் நான்.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, போன் வீட்டில் கிடந்தது. பூசை முடிந்து வந்து பார்த்தேன்.

படமும் இல்லை, பாட்டும் இல்லை. காற்று. எந்தத் திசையிலிருந்து எந்நேரம் எவ்வளவு வேகமாக அடிக்கும் என்று மணிக்கு மணி காட்டுகிற ஆப். முதல் வாரம் இலவசம், அப்புறம் கட்டணம்.

மார்ச்சிலிருந்துதானே அப்பா வாசலில் நின்று மூக்கை உயர்த்தி, "பத்து மணிக்கு மேல கச்சான் காத்து பிடிச்சிரும்லே, வெரசாத் திரும்பிரணும்" என்று சொல்ல ஆரம்பித்தார்? வள்ளத்தில் கூடப் போகிற ரெக்சன் அண்ணன் அப்பாவைக் காட்டி, "ரோச் அண்ணன் மூக்குக்கு மாலை போடணும்" என்றதும், அம்மா பூரித்துப்போய் எல்லாருக்கும் காப்பி கொடுத்ததும் அப்புறம்தானே?

எனக்குப் பழி விழுந்தபோது வலையையே பார்த்துக்கொண்டிருந்தாரே. எல்லாம் தெரிஞ்சேதான் இருந்திருக்காரு.

ஜூன் 9, திங்கள்

அப்பாவிடம் கேட்டுவிட்டேன். "அம்மாட்ட நீங்க சொல்லுதீங்களா, இல்ல இதை நான் நிறுத்தவா?"

"ரெண்டு நாள் பொறும்மா. பயலுவளுக்குத் தெரிஞ்சா கேலி பண்ணியே கொன்னுருவானுவ."

அவர் மூக்குக்கு உள்ள மரியாதைகூட எனக்குக் கிடையாது. அவர் கண்ணெதிரே சந்தாவை நிறுத்தினேன்.

ஜூன் 12, வியாழன்

இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

விடியுமுன் வள்ளத்து ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். "அண்ணே, இன்னைக்குக் காத்து எப்படி?" என்றான் ரெக்சன் அண்ணன். அப்பா மூக்கை உயர்த்தினார். அப்படியே நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"தெரியலலே."

"என்னண்ணே, சளி பிடிச்சிருக்கா?"

சிரிப்பு அடங்கியதும் அப்பா சொன்னார்: "மூக்குமில்ல, மண்ணுமில்ல. போன்ல காசு கட்டிப் பார்த்தேன். வீட்ல சொல்லல. பழி பிள்ள மேல விழுந்துட்டு."

அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா கார்டை என் தலையணை மேல் வைத்துவிட்டு, "பத்திரமா வையி" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அது போதாது.

ஜூன் 20, வெள்ளி

ஐஸ், டீசல் மாதிரி காற்றையும் வள்ளத்தின் பொதுச் செலவில் போட்டுவிட்டார்கள். ரெக்சன் அண்ணன் என்னிடமே வந்து, "ஸ்டெபி, திரும்பப் போட்டுக் குடும்மா" என்றான். போட்டேன். கையோடு பின் நம்பரையும் மாற்றினேன்.

சாப்பிடும்போது அப்பா புது நம்பர் என்னவென்று கேட்டார்.

"காலையில ஐஸ் கடைக்கு நானே வந்து நம்பர் அடிக்கேன்" என்றேன்.

"அவளே வரட்டும்" என்று அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.