காதுக்குள் சொன்னது

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பஸ்ஸில் நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்தபடியே வந்தாள். பாட்டின் வரிகளை மனப்பாடம் செய்கிறாளாம். பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த துணியை எடுத்து இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாள். "குரல்தானே பதிவாகும், உன்னை யாரு பாக்கப் போறாங்க?" என்றேன். "நான் பாத்துக்குவேனே அண்ணி" என்றாள்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஒலிப்பதிவு மாணவர்கள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்து தர வேண்டும். எங்கள் குழுவில் நான், குடுமி, சின்னவள் – இரண்டும் நான் வைத்த பெயர், இரண்டு பேருமே என் பிள்ளை வயது. குடுமி பாட்டெழுதி மெட்டும் போட்டான். சின்னவள் பதிவுக் கருவியைப் பார்த்துக்கொள்கிறாள். பாட ஆள் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரரின் தங்கை நன்றாகப் பாடுவாள், எங்களோடுதான் இருக்கிறாள் என்று நான்தான் சொன்னேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சிறிய அறையில் அவள். இந்தப் பக்கம் நாங்கள் மூவர். நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்க வேண்டுமானால் டாக்பேக் பொத்தானை அழுத்த வேண்டும். அப்போதுதான் அவளுடைய ஹெட்போனில் எங்கள் குரல் போகும். இல்லாவிட்டால் நாங்கள் கூரை இடிந்து விழுகிற மாதிரி கத்தினாலும் அவளுக்குக் கேட்காது.

மூன்றாவது முறை பாடியபோது இரண்டு இடத்தில் சுருதி இறங்கியது. குடுமி நெற்றியைத் தேய்த்தான். சின்னவள் பொத்தானை அழுத்தி, "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று அவளிடம் சொன்னாள். எங்கள் மூவருக்கும் ஒரு மாதிரி சங்கடமாக இருந்தது. அதைக் கலைக்கத்தான் நான் சொன்னேன்: "இவ வீட்டுக்காரர் ஏன் விட்டுட்டு ஓடினார்னு இப்பவாவது புரியுதா? பாவம், தினமும் காலைல இதக் கேட்டுத்தானே எழுந்திருப்பாரு."

குடுமிக்குக் குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது. "ஆன்ட்டி, நீங்க செம ஆளு!" என்றான். சின்னவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தக் கல்லூரியில் நான் உள்ளே நுழைந்தாலே பேச்சு நின்றுவிடும். பிள்ளைகளின் அம்மா வந்துவிட்டாள் என்பது போல. இன்று நிற்கவில்லை. இன்னொன்று சொல்லுங்கள் என்பது போலப் பார்த்தார்கள்.

நான்காவது முறை நூல் பிடித்த மாதிரி பாடினாள். ஓர் இடம்கூடப் பிசகவில்லை. "இப்பதான் கரெக்டா பாடறாங்க" என்றான் குடுமி. நானும் தலையாட்டினேன். ஐந்தாவதோடு போதும் என்றாள். வேலை பார்க்கும் கடைக்குப் போக வேண்டுமென்று தனியாகப் போய்விட்டாள்.

நல்ல நாள்.

மார்ச் 4, புதன்

நாத்தனாருக்குத் தொண்டை கட்டியிருக்கிறதாம், பேசவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

சார் இன்று வழக்கம் போலக் கடுகடுவென்றிருந்தார். "வாத்தியத்தையெல்லாம் மூடுங்க. குரல மட்டும் தனியாப் போட்டு மொதல்லேருந்து கடைசி வரைக்கும் கேளுங்க. பாடறவங்க பாடாத நேரத்துல என்ன பண்றாங்கன்னு தெரியாதவன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது."

அதனால்தான் பாட்டு முடிந்தாலும் பதிவை நிறுத்தக்கூடாது என்பது அவர் சட்டம். முடித்த பாட்டோடு, வெட்டாத ஒட்டாத மூலப் பதிவையும் தர வேண்டும். "சமைச்சத மட்டும் கொண்டு வராதீங்க, குப்பைக் கூடையையும் கொண்டு வாங்க" என்றார். அதை வகுப்பிலேயே போட்டுக் கேட்பாராம்.

குரலைக் கேட்டுச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு. "ஆன்ட்டிக்குத்தான் பொறுமை ஜாஸ்தி" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மார்ச் 9, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

கல்லூரியில், மதியம், தனியாக, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். மூன்றாவது பாட்டு முடிகிறது. அவள் மூச்சு. துணி உரசும் சத்தம். நாற்காலி. சின்னவளின் "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" – அவளுடைய ஹெட்போனிலிருந்து கசிந்து, எதிரே இருந்த மைக்கில் விழுந்திருக்கிறது. டப்பாவுக்குள் மாட்டிய பூச்சியின் குரல் போல. சரி, இதை எடுத்துவிடலாம் என்று குறித்துக்கொண்டேன்.

உடனே அதே பூச்சிக் குரலில் – நான்.

ஒரு சொல் விடாமல் இருந்தது. வீட்டுக்காரர். ஓடினார். பாவம். அப்புறம் மூன்று பேர் சிரிப்பு. என் சிரிப்புதான் கடைசியாக அடங்குகிறது.

பொத்தானை யாரும் அணைக்கவில்லை. ஒருமுறை அழுத்தினால் மறுமுறை அழுத்தும் வரை அது திறந்தே இருக்கும். எரிந்த சிவப்பு விளக்கைக் குடுமி சாய்த்து வைத்திருந்த பாட்டுத் தாள் மறைத்திருக்கிறது.

அப்புறம் அவள் பக்கம். மூச்சு நின்ற மாதிரி ஓர் இடைவெளி. எச்சில் விழுங்குகிறாள். பிறகு, தொண்டையைச் செருமி, "ரெடி" என்கிறாள். நான்காவது பாட்டு தொடங்குகிறது.

இந்தப் படிப்புக்கு வருமுன் எத்தனையோ வருடம் கோர்ட்டில் உட்கார்ந்து பத்திரிகைக்கு எழுதினேன். இப்படி ஒரு சாட்சியம் எவன் மேலாவது வந்திருந்தால் முதல் வரியிலேயே போட்டிருப்பேன்.

நான்காவதை மறுபடி கேட்டேன். சரியாகத்தான் இருக்கிறது. குரலை உள்ளுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு பாடுகிறாள். இதற்கா தலையாட்டினேன்?

மார்ச் 10, செவ்வாய்

வெட்டிவிட்டேன்.

வெட்டிய இடம் வெறுமையாக இருந்தால் காட்டிக்கொடுக்கும். அதனால் வேறோர் இடத்திலிருந்து அந்த அறையின் சும்மா இருக்கும் சத்தத்தை எடுத்து ஒட்டினேன். ஓரங்களை இழைத்தேன். இந்தப் படிப்பில் நான் செய்ததிலேயே நேர்த்தியான வேலை இதுதான்.

யாருக்காக? அவளுக்கு மேலும் அவமானம் வேண்டாம் என்றா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், வீடு வந்து சேரும் வரை.

மார்ச் 11, புதன்

சின்னவள் குரல் பதிவைக் கேட்டுவிட்டு என்னை மாடிப்படிப் பக்கம் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆன்ட்டி, மூணாவது டேக்குக்கு அப்புறம் ட்ராக் ரொம்ப சுத்தமா இருக்கு. அவங்க மூச்சுகூட இல்ல."

நான் படிக்கட்டுக் கைப்பிடியில் இருந்த தூசியைத் துடைத்தேன்.

"நான்தான் ஆன்ட்டி. நான்தான் பட்டன ஆஃப் பண்ணல. நாலாவது ஆரம்பிக்கும்போதுதான் பாத்தேன். சொல்ல பயமா இருந்துச்சு. அன்னைலேருந்து எனக்கு ஒழுங்கா சாப்பாடே எறங்கல. என்னாலதான் அவங்களுக்கு..." – அழுதுவிட்டாள்.

எனக்கு அப்போது வந்தது – எழுதவே கூசுகிறது – நிம்மதி. ஆமாம், இவள்தானே. இவள் ஒழுங்காகப் பொத்தானைப் பார்த்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காதே.

அவள் தோளைத் தட்டி, "பரவாயில்ல மா, விடு. தெரியாம நடந்ததுதானே" என்றேன். பெரிய மனுஷி!

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

மார்ச் 12, வியாழன்

சின்னவளின் பிசகை நான் மன்னித்தேனாம்.

மார்ச் 14, சனி

சாப்பிடும்போது இவர், "எங்க வீட்டு அம்மணிங்க ரெண்டு பேரும் சேந்து பாட்டு போட்டாச்சுன்னு ஆபீஸ் பூரா சொல்லிட்டேன். எப்ப வருது?" என்று தங்கையைக் கேட்டார்.

"என்னக் கேட்டா? எல்லாம் அண்ணி கையில இருக்கு" என்றாள். என்னைப் பார்க்காமல், குழம்பை எனக்குப் பரிமாறிக்கொண்டே.

போதும், போதும் என்றேன். அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். பத்து நாளாக இப்படித்தான். முன்பைவிட அதிகமாகக் கவனிக்கிறாள். நான் எழுவதற்குள் பாத்திரம் கழுவிவிடுகிறாள். தொண்டைக்கட்டுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேனே, எவ்வளவு வசதி எனக்கு.

மார்ச் 15, ஞாயிறு

இவர் முடிவெட்டப் போயிருந்தார். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். "அன்னைக்கு ஸ்டுடியோல நான் ஒண்ணு சொன்னேன்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் அண்ணி." போர்வையை உதறினாள். "மத்தவங்கன்னா முதுகுக்குப் பின்னாடி பேசுவாங்க. நீங்க காதுக்குள்ளயே வந்து சொன்னீங்க."

தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுடு என்றேன். மனசுல ஒண்ணும் இல்ல, சும்மா அந்தப் பசங்களைச் சிரிக்க வைக்க – சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது.

"என் குரலப் பத்தி சொன்னா சொல்லிட்டுப் போங்க. எனக்கே தெரியும், நான் என்ன பெரிய பாடகியா? அவர் போனத ஏன் சொன்னீங்க? யாருன்னே தெரியாத பசங்க கிட்ட. வெளில வந்தப்ப அந்தப் பொண்ணு எனக்குத் தண்ணி குடுத்துச்சு. என் மூஞ்சப் பாக்க முடியாம சுவத்தப் பாத்துக்கிட்டுக் குடுத்துச்சு."

"அங்கயே என்னைக் கேட்டிருக்கலாமேடி. நாலு திட்டு திட்டியிருக்கலாம்."

"உங்க வீட்ல இருந்துக்கிட்டா? கோவிச்சுக்கிட்டு எங்க போவேன், சொல்லுங்க."

வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கவலைப்படாதே, அந்த இடத்தை அழித்துவிட்டேன், இனிமேல் யார் காதிலும் விழாது என்றேன்.

கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இத்தனை நாளில் அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"அழிச்சிட்டீங்களா? யாரக் கேட்டு?"

"உனக்காகத்தான்..."

"எனக்காகவா? அதக் கேட்டுட்டுத்தான் அண்ணி அடுத்தது பாடினேன். எழுந்து வந்திருக்கலாம். வரல. நின்னு பாடினேன். அத அழிச்சா நான் என்னத்தத் தாங்கிக்கிட்டுப் பாடினேன்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?"

அது தெரிய வேண்டுமானால் நான் சொன்னதும் வகுப்பு முழுக்கக் கேட்கும் என்றேன். சார் மூலப் பதிவைப் பெரிய ஸ்பீக்கரில் போடுவார் என்றேன்.

"கேக்கட்டுமே," என்றாள். "நானும் வரலாமா?"

மார்ச் 17, செவ்வாய்

இந்த மென்பொருளில் வெட்டியது எதுவும் போய்விடுவதில்லை. ஒட்டுப்போட்டதை எடுத்துவிட்டு, வெட்டிய ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பழையபடி வந்துவிடுகிறது. இழுத்தேன். வந்துவிட்டது.

சின்னவளைத் தேடிப் போய்ச் சொன்னேன்: "பட்டன் ஒண்ணும் பேசல. நான்தான் பேசினேன். உன் மேல தப்பே இல்ல. அன்னைக்கு நீ அழுதப்ப அதச் சொல்லாம, பரவாயில்லன்னு சொன்னேன் பாரு, அதுக்கும் சேத்து மன்னிச்சுக்கோ."

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "சரி ஆன்ட்டி" என்றாள். அது போதும்.

குடுமி, "இத சார் போட்டா மானம் போயிடும் ஆன்ட்டி. நானும்தானே சிரிச்சிருக்கேன்" என்றான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவனே, "இருக்கட்டும்" என்றான்.

மார்ச் 20, வெள்ளி

நாத்தனார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

சார் குரலை மட்டும் போட்டார். பெரிய ஸ்பீக்கரில் பூச்சிக் குரலெல்லாம் இல்லை. ஆள் எதிரே நின்று சொல்வது போல இருந்தது. வீட்டுக்காரர், ஓடினார் என்று வந்ததும் முன்வரிசையில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் அந்த இடைவெளி. அவள் எச்சில் விழுங்கும் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. சிரித்தவன் தலை குனிந்துகொண்டான்.

சார் நிறுத்தினார். "யார் பேசினது?"

எழுந்து நின்றேன். காது மடலெல்லாம் எரிந்தது. இந்த வயதில் வகுப்பில் எழுந்து நிற்பது – "நான்தான் சார்."

"பாடினது?"

"என் நாத்தனார். பின்னாடி இருக்காங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. அவள் வருகைப் பதிவுக்குக் கை தூக்குவது போலக் கை தூக்கி, "நான்தாங்க" என்றாள்.

 சார் என்னை உட்காரச் சொல்லவில்லை. நான்காவதை முழுக்கப் போட்டுவிட்டு, எதை எடுத்திருக்கிறீர்கள் என்றார். நாலாவதுதான் என்றான் குடுமி. சார் கடைசி வரிசையைப் பார்த்து, "நீங்க எத எடுப்பீங்க?" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். "நாலுதான் நல்லா இருக்கும்னு நினைச்சுக்கிட்டு வந்தேங்க. இப்ப கேட்டா, அடி வாங்கின பிள்ள ஒழுங்கா நடந்துக்கற மாதிரி இருக்கு. மூணுல சுருதி இறங்குது, தெரியுது. ஆனா அதுல நான் பாட்ட மட்டும்தான் நினைச்சேன்."

குடுமி யாரையும் கேட்கவில்லை. மூன்று என்று தாளில் எழுதினான்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  இறங்கிய பிறகு, "அந்த சார் நல்ல மனுஷன்" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

மதிப்பெண் வந்தது. பதிவு ஒழுங்கு என்ற இடத்தில் மட்டும் மிகக் குறைவு. வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 4, சனி

குடுமி புதிதாக ஒரு மெட்டுப் போட்டிருக்கிறான். கல்லூரிக்காக இல்லை, அவனுக்காக. அவனும் சின்னவளும் வீட்டுக்கே வந்து நாத்தனாரைக் கேட்டார்கள். ஸ்டுடியோ இன்றைக்குக் கிடைத்தது.

காலையில் அவள் கிளம்பும்போது நானும் பையை எடுத்தேன்.

"நீங்க வேண்டாம் அண்ணி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போ என்பது போலத்தான் சொன்னாள். "நீங்க இருந்தா எனக்கு வராது."

பையை மறுபடி ஆணியில் மாட்டினேன். சமைத்தேன். அவள் செய்யும் வேலைகளையும் செய்தேன். எவ்வளவு செய்கிறாள் என்று தெரிந்தது.

சாயங்காலம் வந்தாள். தட்டு வைத்தேன். எப்படி வந்தது என்று கேட்கலாமா, கூடாதா? பாட்டைக் கேட்கத் தா என்று நிச்சயம் கேட்கக்கூடாது. கடைசியில், "எத்தனை டேக்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணுதான் அண்ணி" என்றாள்.